குறை சொன்னால் யாருக்கு லாபம்?

அன்புள்ள சார்,

‘வெளியே வாங்கி வாருங்கள்’ என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிரசவத்துக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் அம்மாவிடம், அரசு மருத்துவமனையில் இரவு நேரத்தில் ஊசி மருந்தும் கையுறையும் வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. என் மனைவி ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவளே அப்படிச் சீட்டு எழுதியிருக்கிறாள்.

ஆனால் அந்தக் கட்டுரைக்கு என்ன ஆனது தெரியுமா? எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கட்சிக்காரர்கள் ‘பாருங்கள், இதுதான் ஆட்சி’ என்று அதைப் பரப்பினார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் ‘உங்கள் காலத்தில் என்ன கிழித்தீர்கள்’ என்று பதில் போட்டார்கள். இரண்டு நாள் சண்டை நடந்தது. மருந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் மனைவியின் மருத்துவமனையில் மட்டும் ‘இனி யாரும் வெளிச்சீட்டு எழுதக் கூடாது, எழுதினால் மெமோ’ என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. மருந்து வரவில்லை. இப்போது சீட்டு எழுதாமல் வாயால் சொல்லி அனுப்புகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வசதி உள்ளவர்கள் அரசு மருத்துவமனையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. மிச்சம் இருப்பது ஏழைகள். அவர்களையும் நீங்கள் பயமுறுத்தினால் வட்டிக்கு வாங்கிக்கொண்டு தனியாருக்குப் போவார்கள். குறை சொன்னால் லாபம் யாருக்கு? உங்களைப் போன்றவர்கள் பொதுவில் எழுதாமல் அதிகாரிகளிடம் நேரடியாகச் சொல்லக் கூடாதா?

அடுத்த கிராம சபையில் எங்கள் ஊர் பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) இரவில் டாக்டர் இல்லாததைப் பற்றிப் பேசலாம் என்று இருந்தேன். இதையெல்லாம் பார்த்த பிறகு தயக்கமாக இருக்கிறது. பேசினால் நீ எந்தக் கட்சி என்று கேட்பார்கள். என் மனைவிக்கும் தொந்தரவு வரலாம். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த வாய்மொழி உத்தரவு. சீட்டு எழுதப்பட்டவரை ஒரு சாட்சியாவது இருந்தது. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த மருந்து கையிருப்பில் இல்லை என்று அந்தத் துண்டுக் காகிதம் சொல்லும். இப்போது அதுவும் போய்விட்டது. நாளை யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ‘வெளியே வாங்கச் சொன்னதாகப் பதிவு இல்லை’ என்று பதில் வரும். மருந்து இல்லாத இரவு அப்படியே இருக்கிறது. அது எழுதப்பட்ட இடம் மட்டும் இல்லாமல் போயிற்று.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ஒரு அரசு சுகாதாரத்தை நன்றாக நடத்துகிறதா என்பதை, தன் தோல்வியைத் தானே எண்ணிப் பதிவுசெய்ய அது துணிகிறதா என்பதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன். எண்ணத் துணிந்த இடங்களிலெல்லாம் தமிழ்நாடு முன்னேறியிருக்கிறது. மறைத்த இடங்களில் தேங்கியிருக்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கிறது.

நம் மாநிலத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது தாய் இறப்பு விகிதத்தை. நியாயமான பெருமைதான். பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின்படி, 2004-06ல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் என்ற விகிதத்தில் இறந்தார்கள். 2018-20ல் அது 54. இதே காலத்தில் இந்தியாவின் எண்ணிக்கை 254லிருந்து 97க்கு வந்தது. இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் சொல்வார்கள். மூன்று நர்ஸுகளை ஷிஃப்டில் வைத்து இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையங்கள், சிக்கலான பிரசவங்களையும் பச்சிளங்குழந்தைகளையும் பார்க்கும் சீமாங் மையங்கள், ரத்த வங்கிகள், 2008ல் வந்த 108 ஆம்புலன்ஸ். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே ஒரு வேலை தொடங்கியிருந்தது. 1990களிலேயே தமிழ்நாடு ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்க ஆரம்பித்தது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் இது.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்று உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்காகவும் மற்ற வாசகர்களுக்காகவும் சொல்கிறேன். ஒரு பெண் இறந்தால், மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்து முடித்துவிட மாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். வலி எப்போது வந்தது, யார் முடிவெடுத்தார்கள், வண்டி கிடைக்க எவ்வளவு நேரமானது, முதலில் போன இடத்தில் ஏன் ரெஃபர் செய்தார்கள், இரண்டாவது இடத்தில் ரத்தம் இருந்ததா, டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார்? வீட்டில் ஏற்பட்ட தாமதம், வழியில் ஏற்பட்ட தாமதம், மருத்துவமனையில் ஏற்பட்ட தாமதம் என்று மூன்றையும் பிரித்து எழுதுவார்கள். 2010ல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக்கு இறந்தவரின் குடும்பத்தாரையும் அழைக்க வேண்டும். மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மா, ஆட்சியருக்கும் டாக்டர்களுக்கும் எதிரே உட்கார்ந்து ‘எங்களை இவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள்’ என்று சொல்லலாம் என்பதை ஒரு அரசே எழுதிவைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பொது விவாதம் எனக்குத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எண்ணத் தொடங்கியதும் எண்ணிக்கை குறையவில்லை. கூடியது. அதுவரை ‘காய்ச்சலில் போய்விட்டாள்’, ‘வீட்டிலேயே இறந்தாள்’ என்று கணக்கில் சேராமல் இருந்த இறப்புகள் வெளியே வந்தன. அப்போது ஒரு எதிர்க்கட்சி ‘இந்த ஆட்சியில் தாய் மரணம் ஏறிவிட்டது’ என்று மேடை போட்டிருக்கலாம். ஆட்சியில் இருந்தவர்கள் பயந்து கணக்கை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதனால்தான் 2018-20க்கு 54 என்ற எண் நம் கையில் இருக்கிறது. அதே காலத்தில் கேரளத்தின் எண் 19 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னும் இறங்க வேண்டிய தூரம் அதில்தான் தெரிகிறது.

கொரோனா காலத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஜூனில், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கொரோனா மரணங்கள் மாநில அரசின் தினசரி அறிக்கையில் இல்லை என்பது செய்தியாக வந்தது. அப்போதும் ‘பீதியைக் கிளப்பாதீர்கள்’ என்றார்கள் சிலர். அரசு ஒரு குழுவை அமைத்தது. ஜூலை 22 அன்று 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஒரே நாளில் எண்ணிக்கை அப்படி ஏறியது அரசுக்குச் சங்கடம்தான். ஆனால் அந்த 444 குடும்பங்களுக்கும் தங்கள் வீட்டில் நடந்தது என்ன என்பதை அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. செய்தி வராமல் இருந்திருந்தால் குழுவும் வந்திருக்காது. அதிகாரிகளிடம் நேரடியாகச் சொல்லியிருந்தால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். நேரில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பல விஷயங்கள் அப்படித் தீரும். ஆனால் நேரில் சொன்னதை மறுக்க ஒருவர் போதும். பொதுவில் சொன்னதை மறுக்க ஆதாரம் வேண்டும்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிற, இன்று எல்லோரும் புகழும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் உருவாக்கப்பட்டு 1995 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. அது உருவானதே, அதற்கு முன் அரசு மருந்துக் கொள்முதலில் நடந்த குளறுபடிகளும் முறைகேடுகளும் பேசுபொருளான பிறகுதான். அப்போது பேசியவர்களைப் பார்த்து ‘அரசு மருந்தின் மேல் நம்பிக்கையைக் கெடுக்கிறீர்கள்’ என்று வாயடைத்திருந்தால், மாவட்டத்துக்கு மாவட்டம் மருந்துக் கிடங்கு வந்திருக்குமா? கிடங்குக்கு வரும் மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை வந்திருக்குமா? கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே மாதிரிக் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஒரு முறைகேட்டைப் பற்றிய கூச்சலிலிருந்து நாட்டுக்கே முன்மாதிரியான ஒரு ஏற்பாடு கிடைத்தது.

அந்த ஏற்பாடு இருந்தும் உங்கள் மனைவியின் லேபர் வார்டில் ஒரு இரவில் மருந்து ஏன் இல்லை? இங்கேதான் பேச்சு நுணுக்கமாகப் போக வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். மருந்தாளுநர் இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுவார், கிடங்கிலிருந்து மருந்து வரும். தட்டுப்பாடு பல காரணங்களால் வரலாம். இண்டென்ட்டே தாமதமாகப் போயிருக்கலாம். கிடங்கில் அந்த மருந்து இல்லாமல் இருக்கலாம். டெண்டர் முடியாமல் இருக்கலாம், சப்ளையருக்குப் பணம் நிலுவையில் இருக்கலாம். நோயாளிகள் கூடியிருக்க, ஒதுக்கீடு பழைய கணக்கிலேயே நின்றிருக்கலாம். அவசரத்துக்கு மருத்துவமனையே வெளியே வாங்கிக்கொள்ள (லோக்கல் பர்ச்சேஸ்) வழி இருந்தும், தணிக்கையில் கேள்வி வருமே என்று யாரும் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். இதில் எது என்று கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். ‘இந்த ஆட்சி’, ‘அந்த ஆட்சி’ என்று போகிற சண்டையில் இந்த வரிசை முழுவதும் மறைந்துபோகிறது. கடைசியில் நோயாளியின் எதிரே நிற்கிற நர்ஸ் ஒருத்தி மட்டும் கண்ணில் படுகிறாள். கோபமும் மெமோவும் அவள் மேல் விழுகின்றன.

இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மேலே முடிவெடுக்கிறவர்களை மக்கள் பார்ப்பதில்லை. கீழே நிற்கிறவர்களைத்தான் பார்க்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டர் பணியில் இருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதன் பிறகு நுழைவாயிலில் காவல், அடையாளப் பட்டை என்றெல்லாம் பேசப்பட்டது. தேவைதான். ஆனால் குறையைச் சொல்ல ஒழுங்கான இடம் இல்லாத மருத்துவமனையில், சொன்ன குறைக்குப் பதில் வராத மருத்துவமனையில், அங்கே வேலை செய்கிறவர்கள்தான் முதலில் ஆபத்தில் இருக்கிறார்கள். மக்களின் குறை மேலே போக ஒரு வழி வேண்டும் என்று நான் கேட்பது உங்கள் மனைவிக்காகவும்தான்.

நர்ஸுகளின் கதை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிரந்தர நர்ஸ் செய்கிற அதே வேலை, அதே இரவு டியூட்டி. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் தமிழ்நாட்டுக்கு அந்த 7,700 என்ற எண்ணே தெரிந்தது. அதுவரை அரசு மருத்துவமனை என்று பெருமைப்பட்ட நாமும், குறைபட்ட நாமும், நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவளுக்கு என்ன சம்பளம் என்று கேட்டதில்லை. 2019ல் அரசு டாக்டர்கள் ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோதும், ‘நோயாளிகளைப் பணயம் வைக்கிறார்கள்’ என்ற குரல்தான் ஓங்கி ஒலித்தது. அவர்கள் கேட்டது 2009ல் போட்ட ஒரு அரசாணையைச் சரியாகச் செயல்படுத்தச் சொல்லி என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

அரசு ஊழியர்கள் பொதுவில் பேச முடியாது. 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. அரசின் கொள்கையையோ செயலையோ விமர்சித்துப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினால் நடவடிக்கை வரும். வார்டில் எது இல்லை என்று மிக நன்றாகத் தெரிந்தவர்களுக்கே வாய் திறக்க உரிமை இல்லை. அப்படியானால் யார் பேசுவது? அங்கே போய்ப் படுத்து எழுந்து வந்தவர்கள் பேச வேண்டும். அவர்களின் சொந்தக்காரர்கள் பேச வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டும். நாமும் பேசாவிட்டால் பிறகு பேச யாருமே இல்லை.

சரி, கட்சி விஷயம். இதில் உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. நம் ஊரில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தலைவரின் பெயரோ படமோ ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு திட்டத்தைக் குறை சொன்னால் தலைவரைக் குறை சொன்னதாக ஆகிறது. 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. இரண்டாயிரம் என்பது இலக்கு. ஆட்சி மாறிய பிறகு அவை மூடப்பட்டன. மூடியது சரி என்று ஒரு தரப்பும், பழிவாங்கல் என்று ஒரு தரப்பும் மாதக்கணக்கில் பேசின. அந்த கிளினிக்குகளுக்கு யார் வந்துகொண்டிருந்தார்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அங்கே மாத்திரை வாங்கியவர்கள் மறுமாதம் எங்கே போனார்கள், தற்காலிகமாக எடுக்கப்பட்ட டாக்டர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அப்புறம் 2023ல் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் தேவையும் ஏறக்குறைய அதேதான்: மாலை வேலை முடித்து வருகிறவனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர்.

பெயரைத் தாண்டிப் பார்த்தால் தொடர்ச்சி தெரியும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகையை 2006ல் ஒரு ஆட்சி 6,000 ரூபாயாக உயர்த்தியது. 2011ல் வந்த ஆட்சி 12,000 ஆக்கியது. பிறகு 18,000 ஆனது. 2009ல் கலைஞர் பெயரில் வந்த காப்பீட்டுத் திட்டம் 2012ல் வேறு பெயரில், வேறு வடிவில் தொடர்ந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோனது. அதற்கு அடித்தளமாகக் கிராமப்புறங்களில் துணை சுகாதார நிலையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். 1939லேயே இந்தியாவின் முதல் பொது சுகாதாரச் சட்டத்தை இயற்றிய மாகாணம் இது. இதில் எந்த ஒரு கட்சியும் முழு உரிமை கொண்டாட முடியாது. எந்த ஒரு கட்சியின் தலையிலும் முழுப் பழியைக் கட்டவும் முடியாது.

கட்சிச் சண்டை எவ்வளவு பெரிய விஷயத்தை விழுங்கிவிடும் என்பதற்கு 2025ன் இருமல் மருந்து விவகாரத்தைச் சொல்வேன். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அக்டோபர் தொடக்கத்தில் தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விரைந்து ஆலைக்குப் போனது, மாதிரி எடுத்தது, 48.6% டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்தது, தடை செய்தது. அந்த வேகம் பல குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும். அதே ஆய்வில் அந்த ஆலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்களும் வெளியே வந்தன. அவ்வளவு மீறல்களும் ஒரே வாரத்தில் முளைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் மருந்து ஆய்வுகள் இலக்கைவிடக் குறைவாக நடக்கின்றன என்று சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின்) அறிக்கை முன்பே எழுதியிருந்தது.

தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் முதல் பாதியை மட்டும் சொன்னார், மற்றவர் இரண்டாம் பாதியை மட்டும் சொன்னார். மத்திய அரசா மாநில அரசா என்று பந்து அங்கும் இங்கும் போனது. இரண்டு பாதிகளும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும்: மருந்து ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒரு ஆய்வாளர் ஆண்டுக்கு எத்தனை ஆலைகளையும் கடைகளையும் பார்க்க முடியும்? தணிக்கை அறிக்கை வந்தபோது சட்டமன்றமும் ஊடகமும் நாமும் அதை எடுத்துப் பேசியிருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பேசியிருக்க வேண்டியது நம் கடமை என்று சொல்வேன்.

தனியாருக்கு லாபம் என்கிறீர்கள். உங்கள் கவலையில் உண்மை இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மேல் அவநம்பிக்கை பரவினால் கட்டணம் வாங்குகிற இடத்துக்குக் கூட்டம் போகும், கடனும் கூடவே போகும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் சுமார் 64 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் சுமார் 36. அந்த 36ம் குறைவான எண் அல்ல, ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அரசு மருத்துவமனையை விட்டுப் போகிற பெண்ணுக்கு என்ன காத்திருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் மக்கள் ஏன் போகிறார்கள்? கட்டுரை படித்துவிட்டு யாரும் போவதில்லை. தான் பட்டதை வைத்துப் போகிறார்கள். தன் அக்கா பட்டதைக் கேட்டுப் போகிறார்கள். வசதி உள்ளவர்கள் புகார் எழுதிவிட்டுப் போகவில்லை, பேசாமல் போனார்கள். அவர்கள் போன பிறகு அந்த இடத்தைப் பற்றி மேலிடத்தில் கேள்வி கேட்கிற குரலும் மெலிந்தது. குறையைச் சொல்லுகிறவன் இன்னும் அந்த மருத்துவமனையைத் தன்னுடையது என்று நினைக்கிறான். அவனையும் வாயடைத்தால் தனியார் மருத்துவமனைக்கு விளம்பரமே தேவைப்படாது.

அரசுக்கு இதில் உள்ள பொறுப்பு தர்மம் சார்ந்தது மட்டுமல்ல, சட்டம் சார்ந்ததும்கூட. 1992ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணத்தைக் கட்டிப் பிழைத்தார். அந்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் அனுப்பியது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. அந்தத் தீர்ப்பால் வந்த உரிமை உங்களுக்கும் எனக்கும் சேர்ந்துதான் கிடைத்திருக்கிறது. தன் குறையைப் பொதுவில் கொண்டுபோனவர் அவர்.

பணத்தைப் பற்றியும் ஒரு வரி. அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவிடுவதை 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017ன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. எந்தக் கட்சியின் பேச்சாளர் வந்தாலும் இந்த இரண்டு எண்களை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கலாம். பதில் சொல்ல அவர் தன் தலைவரின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்காது, கணக்கைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி உங்கள் கிராம சபை. பேசுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தயாரித்துக்கொண்டு போங்கள்.

முதலில், உங்கள் ஊர் பி.எச்.சி. எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லா பி.எச்.சி.யிலும் இரவில் டாக்டர் தங்கியிருக்கும் ஏற்பாடு கிடையாது. பல இடங்களில் இரவில் நர்ஸ் இருப்பார், தேவைப்பட்டால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். மேம்படுத்தப்பட்ட முப்பது படுக்கை நிலையம் என்றால் கணக்கு வேறு. உங்கள் ஊருக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ் பணியிடங்கள் எத்தனை, அதில் நிரம்பியவை எத்தனை, நிரம்பியவர்களிலும் டெபுடேஷனில் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். காகிதத்தில் மூன்று பேர் இருப்பார்கள், ஒருவர் முகாமுக்கும் ஒருவர் வேறு நிலையத்துக்கும் போயிருப்பார். இரவில் ஒரே நர்ஸ் பிரசவமும் பார்த்து, பாம்புக்கடியும் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே உங்கள் கோபம் அந்த நர்ஸின் மேல் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் இதையெல்லாம் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பி.எச்.சி. பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. உங்கள் மனைவி வேலை செய்யும் வட்ட மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ், ஜே.டி.யின் (இணை இயக்குநரின்) பொறுப்பில் வருகிறது. இரண்டும் வேறு வேறு நிர்வாகம். ஆகவே நீங்கள் பி.எச்.சி.யைப் பற்றிப் பேசுவதால் அவருடைய மேலதிகாரிகளுக்கு நேரடியாக எதுவும் இல்லை. தொந்தரவே வராது என்று நான் உறுதி தர முடியாது. அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் வேலையில் கேள்விப்பட்ட எதையும் சபையில் சொல்லாதீர்கள். நோயாளியாக, நோயாளியின் உறவினராக நீங்களே பார்த்ததை மட்டும் தேதியோடு சொல்லுங்கள்.

நீ எந்தக் கட்சி என்று கேட்டால், இரண்டு கட்சிக்காரர்களையும் தீர்மானத்தில் முன்மொழியவும் வழிமொழியவும் சொல்லுங்கள். இதை நான் நிஜமாகவே சொல்கிறேன். ஊரில் இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டிலும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே வீட்டுக்குப் போய்ப் பேசினால் வருவார்கள். மேடையில் எதிரெதிராக நிற்கிறவர்கள் ஊர்த் தெருவில் அப்படி நிற்பதில்லை.

தீர்மானத்தில் ‘சுகாதார வசதிகளை மேம்படுத்த வேண்டும்’ என்று பொதுவாக எழுத விடாதீர்கள். அப்படி எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பணியிடம் காலி, இந்த டெபுடேஷனை ரத்து செய்ய வேண்டும், இன்ன மாதத்துக்குள் பதில் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நோயாளர் நலச் சங்கத்தின் வரவு செலவையும் கேளுங்கள், அந்தச் சிறு நிதியிலேயே தீரக்கூடிய குறைகள் சில இருக்கும். தீர்மானப் பதிவேட்டில் எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரசியல் சார்பு இல்லாமல் மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அந்த நகலை அனுப்புங்கள்.

உங்கள் மனைவியின் மருத்துவமனையில் வாயால் வெளியே வாங்கச் சொல்லும் விஷயத்தை நான் விடப்போவதில்லை. எந்த மருத்துவமனை என்று எழுத மாட்டேன். மாநிலம் முழுவதும் வட்ட மருத்துவமனைகளில் கடந்த ஆண்டு லோக்கல் பர்ச்சேஸுக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழித்தார்கள், எந்தெந்த மருந்துகள் கிடங்கில் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன என்று மருத்துவப் பணிகள் கழகத்திடமும் இயக்குநரகத்திடமும் கேட்டு மனு அனுப்புகிறேன். பதில் எதுவாக இருந்தாலும், நல்லதாக இருந்தாலும், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.